டிராகன் ராஜாவுக்கு ஒரு வக்கீல்

யூலியெனின் விலை ஒரு கழுதை, இரண்டு மூட்டைத் தினை.

விலை பேசி முடித்தவன் சூன்குய், அவள் கணவனின் அண்ணன். வாங்குகிறவன் பள்ளத்தாக்குக்கு எதிர்ப்புறம் கோவ்ஜியா கிராமத்தில் மாவு அரைக்கிறவன். மாவுக் கோவ் என்று பெயர். இரண்டு மனைவிகளைப் புதைத்துவிட்டு மூன்றாவதற்கு ஆள் பார்த்துக்கொண்டிருந்தான். புருஷன் செத்தவளைப் புருஷன் வீட்டார் இன்னொருத்தன் கையில் தள்ளிவிட்டு விலை வாங்கிக்கொள்வது அவர்களுடைய பாய்ஜியா கிராமத்தில் அதிசயமில்லை. மழை பொய்த்த வருஷத்தில் அதற்குப் பெயர் தர்மம். வீட்டில் ஒரு வாய் குறைகிறதல்லவா?

யூலியெனிடம் இதை யாரும் சொல்லவில்லை. அவளாகத் தெரிந்துகொண்டாள். காலையில் ஓரகத்தி ஷூஃபென் தினைக் கஞ்சியில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, அவள் முன்னால் வைத்துவிட்டு, முகம் பார்க்காமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து யூலியென் தொட்ட முட்டையெல்லாம் கோழிக்கு அடியிலிருந்து எடுத்து மூத்தவன் கிண்ணத்தில் போட்டதுதான். தன் கிண்ணத்தில் ஒன்று மிதப்பதைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. சந்தைக்குப் போகிற ஆட்டுக்குத்தான் புறப்படும் முன் வயிறு முட்டத் தண்ணீர் காட்டுவார்கள். எடை நிற்கும்.

"எங்க அனுப்பறீங்க அக்கா?"

"கோவ்ஜியாவுக்கு. அங்கதான் மழை பெஞ்சிருக்கே. உனக்கு நல்லதுதான்," என்றாள் ஷூஃபென், அடுப்பிடம்.

யூலியென் முட்டையை மிச்சம் வைக்காமல் தின்றாள். கோபத்துக்காக முட்டையை விட்டுக்கொடுக்கும் அளவுக்கு அவள் முட்டாள் இல்லை.

ஓடிப்போகலாம் என்றால் பிறந்த வீட்டில் இருப்பவர்கள் அவளை ஏற்கெனவே ஒருமுறை விற்ற அண்ணன்மார்கள். போய் நின்றால் மறுபடியும் விற்பார்கள். கணவன் சூன்லின் நிலக்கரிக் குழியில் மண் சரிந்து செத்தபின் அவளுக்கென்று மிஞ்சியது மலைச் சரிவில் குடைந்த ஒரு குகை வீடும், அதற்கு மேலே சரிவை வெட்டிச் சமன் செய்த ஒரு தட்டு நிலமும். அவள் கோவ்ஜியாவுக்குப் போய்விட்டால் அவை இரண்டும் சூன்குய்க்கு. ஆக, கழுதை, தினை, குகை, நிலம். ஒரு பிணத்தை வைத்து இவ்வளவு லாபம் பார்த்தவன் அந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது.

சூன்குய்க்கு அதுதான் பெருமை. அவனுக்கு வேறு பெருமை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. சந்தையில் அவனுக்குப் புலி என்று பெயராம். பெயரை வைத்தவனும் அவன்தான், கூப்பிட்டுப் பழக்கியவனும் அவன்தான். உப்பு வாங்கினாலும் கடைக்காரனை அழவைத்துவிட்டுத்தான் வருவான். வந்து அதை ஊர் முழுக்கச் சொன்னால்தான் சாப்பாடு இறங்கும்.

அந்த நேரத்தில் கிராமத் தலைவர் வெய்தாங் வாசலில் வந்து நின்று கனைத்தார். கோவுக்கும் சூன்குய்க்கும் நடுவில் தரகு பார்த்தவர் அவர்தான்; அரை மூட்டைத் தினை அவர் பங்கு. ஆனால் இப்போது வந்தது அதற்காக அல்ல. அன்று டிராகன் ராஜாவைத் திட்டும் நாள். திட்டுவதற்கு ஆள் இல்லை.

பீஜிங்கில் பேரரசரே நாற்காலியை விட்டு இறங்கி வருஷங்கள் ஓடிவிட்டன. அங்கே இப்போது யார் ஆள்கிறார்கள் என்று பாய்ஜியாவில் ஒருத்தருக்கும் நிச்சயமாகத் தெரியாது. மழைக்குப் பொறுப்பான டிராகன் ராஜா மட்டும் பதவியை விடவில்லை. வசந்தத்தில் அவருக்கு நாடகம் போட்டார்கள், ஆட்டுத்தலை படைத்தார்கள், பார்த்தார், பெய்யவில்லை. வில்லோக் கிளையைத் தலையில் சுற்றிக்கொண்டு ஆண்கள் எல்லாரும் வெறுங்காலோடு மலையைச் சுற்றி வந்தார்கள், பார்த்தார், பெய்யவில்லை. தொப்பியைப் பிடுங்கினார்கள். அதற்கும் அசையவில்லை. கோயிலிலிருந்து தூக்கிவந்து களத்து மேட்டில் நட்ட வெயிலில் உட்காரவைத்தார்கள். அவர் முகத்துச் சாயம் வெடித்து உதிர்ந்துகொண்டிருக்கும்போதே, போன வாரம், கைக்குட்டை அளவுக்கு ஒரு மேகம் வந்து பாய்ஜியாவின் தலைமேல் நிதானமாக நடந்து, பள்ளத்தாக்கைத் தாண்டி, கோவ்ஜியாவில் போய்க் கொட்டியது.

காயவிட்டதைக்கூட மறக்கலாம். எதிர்வீட்டில் போய்ச் சிரித்ததை மறக்க முடியுமா? இனித் திட்டுதான்.

திட்டுவதற்குப் பிள்ளையில்லாத விதவை வேண்டும். இழக்க ஒன்றுமில்லாதவள் திட்டினால்தான் ராஜாவுக்கு உறைக்குமாம். பல வருஷமாகத் திட்டிவந்தவள் குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். மிச்சமிருந்த விதவைகளில் ஒருத்திக்குப் பிள்ளை இருந்தது, இன்னொருத்திக்குப் பேச்சு வராது. யூலியெனுக்குப் பிள்ளை இல்லை. பேச்சைப் பற்றிக் கசாப்புக்கார ஹெய்யிடம்தான் கேட்க வேண்டும். கிணற்றடியில் ஒருமுறை அவள் குடத்தை நகர்த்திவிட்டுத் தன் குடத்தை வைத்தான். அவள் பேசிய பேச்சில், பன்றி வெட்டுகிற அந்த ஆறடி மனுஷன் அப்புறம் தண்ணீருக்கு வேறு கிணறு பார்த்துக்கொண்டான்.

கோவ் இன்றைக்குத்தான் கழுதையோடு வருகிறான் என்று சூன்குய் இழுத்தான். திட்டி முடித்ததும் கூட்டிக்கொண்டு போகட்டும், யார் தடுத்தது என்றார் தலைவர். சூன்குய் மேவாயைத் தடவினான். நாக்குக்குத் தனி வாடகை ஆகும் என்றான். கடைசியில் கோயில் கிணற்றிலிருந்து இரண்டு வாளித் தண்ணீருக்குத் தீர்ந்தது. தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார்.

அவர் போனதும் சூன்குய் மனைவியிடம் கண்ணைச் சிமிட்டினான். "வித்த பொருளை வாடகைக்கும் விட்டவன் இந்தப் பள்ளத்தாக்குல நான் ஒருத்தன்தான்டி."

யூலியென் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள். கழுதைக்கு எதிரில் கழுதை விலை பேசக் கூச்சப்படுகிறவர்கள் யார்?

களத்து மேட்டில் ஊரே கூடியிருந்தது. நடுவில் டிராகன் ராஜா. மனுஷ உடம்பு, டிராகன் முகம், மந்திரி அங்கி. மஞ்சள் அங்கி வெளுத்துக் கந்தல் நிறத்துக்கு வந்திருந்தது. இரண்டு மீசைகளில் ஒன்று சூட்டில் வளைந்து கீழே தொங்க, ஜலதோஷம் பிடித்த குமாஸ்தா மாதிரி உட்கார்ந்திருந்தார்.

எல்ம் மரத்தடியில் மாவுக் கோவ் வந்து இறங்கியிருந்தான். புருவத்தில்கூட மாவு. பக்கத்தில் சாம்பல் நிறக் கழுதை. அதன் முதுகில் இரண்டு மூட்டை. சூன்குய் அதற்குப் பக்கத்திலேயே இடம் பிடித்துக்கொண்டான். கழுதையின் கழுத்தைத் தட்டினான், காதைத் திருப்பிப் பார்த்தான், அதன் வாயைப் பிளந்து மறுபடியும் பல்லை எண்ணினான். பிறகு மடியிலிருந்து சூரியகாந்தி விதையை எடுத்துக் கொறிக்க ஆரம்பித்தான்.

தலைவர் வெய்தாங் தலையில் வில்லோ வளையத்தோடு, வெறுங்காலோடு, சுடுமண்ணில் காலை மாற்றி மாற்றி வைத்தபடி முறையைச் சொன்னார். வருஷா வருஷம் கேட்பதுதான். ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

"கொடிக்கம்பத்து நிழல் அடியில ஒடுங்கற வரைக்கும் திட்டு. அதுவரைக்கும் அவ என்ன சொன்னாலும் ராசாவுக்குத்தான் சொல்றா. யாரும் எதிர்ப்பேச்சு பேசக் கூடாது. பேசினா அவன் ராசாவோட வக்கீல். வக்கீல் கட்சிக்காரன் பக்கத்துலதான் உக்காரணும், மழை வர்ற வரைக்கும். கையை வைக்கோல் கயித்துல கட்டிடுவோம். கட்டின கை வாங்கக் கூடாது, விக்கக் கூடாது. தண்ணி குடுக்கறதுன்னா திட்டினவதான் குடுக்கணும், அவளா மனசு வெச்சா."

தலைவரின் அப்பா காலத்தில் வரி வசூலிக்க வந்த ஒரு படித்த ஆசாமி, களிமண்ணை எதற்குத் திட்டுகிறீர்கள் என்று சும்மா கேட்டுவைத்தானாம். பிடித்து உட்காரவைத்துவிட்டார்கள். அவன் கதறிய கதறலில் மழை வந்ததாகச் சிலர் சொன்னார்கள். வந்தது மழையல்ல, அவனைத் தேடிவந்த சிப்பாய்கள் என்று சிலர் சொன்னார்கள். எப்படியோ, அதற்குப் பிறகு பாய்ஜியாவில் திட்டு நாளில் இருமுகிறவன்கூட வாயைப் பொத்திக்கொண்டுதான் இருமினான்.

யூலியென் ராஜாவின் எதிரில் போய் நின்றாள். நிழல் கம்பத்தின் அடியிலிருந்து ஓர் ஆள் நீளம் இருந்தது. அது ஒடுங்கும் வரை அவள் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. ஒடுங்கியபிறகு அவள் கழுதை மேல்.

முதலில் ஊர் எதிர்பார்த்ததைக் கொடுத்தாள்.

"ஏய்யா, நாலு கடலுக்கும் ராசா. நாலு கடல் வெச்சிருக்கற, எங்க குட்டைக்கு நாலு சொட்டு இல்ல. மீசையைப் பாரு. கரப்பான்பூச்சிக்கும்தான் மீசை இருக்கு, அது யார்கிட்டயும் ஆட்டுத்தலை கேக்கல. மண்புழு போன எடத்துலகூட கொஞ்சம் ஈரம் இருக்கும். நீ போன எடத்துல புழுதிதான்யா இருக்கு."

சிரிப்பு எழுந்தது. ஹெய் தொடையைத் தட்டிக்கொண்டான். ஆட்டுத்தலையை ராஜா தின்றாரா, அவர் பெயரைச் சொல்லித் தலைவர் வீட்டில் தின்றார்களா என்று அவள் ராஜாவிடமே விசாரித்தபோது, சிரிப்பு இன்னும் பலமாயிற்று. தலைவர் மட்டும் மேகம் இருக்கிறதா என்று வானத்தைப் பார்த்தார். எதிர்ப்பேச்சு பேச முடியாதே.

பிறகு அவள் விஷயத்துக்கு வந்தாள். ராஜாவின் கண்ணுக்கு நேரே ஒரு காய்ந்த சோளத்தட்டையை நீட்டி, எல்ம் மரத்தடியைக் காட்டினாள். அங்கே ஒருத்தன் தம்பி பெண்டாட்டியை விற்கிறான், உனக்குத் தெரியுமா என்று கேட்டாள். தம்பி சமாதியில் புல் முளைக்கவில்லை, அதற்கும் நீ பெய்யவில்லை, அதற்குள் அவன் குகைக்கும் நிலத்துக்கும் ஆள் வந்தாயிற்று. இடி வைத்திருக்கிறாயே, எதற்கு வைத்திருக்கிறாய், ஊறுகாய் போடவா? ஒரு நல்ல டிராகன் என்றால் அவன் கூரையில் அல்லவா போட்டிருக்க வேண்டும்?

சொல்லிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தாள். இதைத்தான் நம்பியிருந்தாள். ஊர் நடுவில் வைத்துக் கேட்டால் யாராவது ஒருத்தருக்கு உறைக்காதா, திட்டு முடிந்ததும் ஒரு பெரிய மனுஷன் எழுந்து நின்று 'இது வேண்டாமப்பா' என்று சொல்லமாட்டானா என்று.

கூட்டம் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாதி வீடுகளில் இப்படி வந்தவளோ போனவளோ ஒருத்தி உண்டு. ஹெய்யின் மனைவியே அப்படி வந்தவள்தான். அவள் யூலியெனைப் பார்த்த பார்வையில் இரக்கம் இல்லை. 'எனக்கு யார் பேசினார்கள்?' என்றுதான் இருந்தது.

சூன்குய்? அவன் விதைத் தோலைத் துப்பிவிட்டுச் சிரித்தான். விற்கிறான் என்று ஊர் நடுவில் சொன்னது அவனுக்கு விளம்பரமாகத்தான் பட்டது.

யூலியென் சோளத்தட்டையைத் தாழ்த்தினாள். வெட்கம் இருக்கிற இடத்தில்தான் வெட்கப்படுத்த முடியும். இல்லாத இடத்தில் போய்க் கிணறு வெட்டிக்கொண்டிருக்கிறேனே என்று நினைத்தாள். நிழலின் நுனி கம்பத்தின் அடிக்கல்லை நெருங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் மறுபடியும் மீசையைப் பிடித்துக்கொண்டு, கேட்ட வசவையே திருப்பிப் போட்டாள். கூட்டம் கொட்டாவி விட ஆரம்பித்தது.

அப்போதுதான் பார்த்தாள். கழுதையின் காதில் ஓர் ஈ உட்கார்ந்தது. சூன்குய் தன் கைக்குட்டையால், தொட்டிலில் கிடக்கிற பிள்ளையை விசிறுகிற மாதிரி, அதை ஓட்டினான். ஓட்டிவிட்டுச் சுற்றிலும் பார்த்தான். கழுதையை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று.

அவளுக்குப் புரிந்துவிட்டது. இவனுக்கும் ஒரு வலிக்கிற இடம் இருக்கிறது. அது நெஞ்சில் இல்லை, மரத்தடியில் நாலு காலோடு நிற்கிறது.

சோளத்தட்டை மறுபடியும் நீண்டது. குரலைத் தாழ்த்தினாள், கூட்டம் காதைத் தீட்டியது.

"ராசா, நான் விலைபோனதைப் பத்திப் பேசல. போய்ட்டுப் போறேன். ஆனா என்ன விலைக்குப் போனேன்னு பாரு. அந்தக் கழுதையைப் பாரு. பின்னங்கால் நொண்டி."

விதை கொறிக்கும் சத்தம் நின்றது.

"நொண்டின்னா சும்மா நொண்டியில்ல. பாலத்துல நடந்தா பாலம் ஆடற நொண்டி. அதான் மரத்துல சாத்தி நிறுத்தியிருக்காங்க. பல்லு? இருக்கற பல்லும் இரவல் பல்லு மாதிரி ஆடுது. சூன்லின் உயிரோட இருந்தப்ப அந்தக் கழுதையோட அப்பனைப் பாத்திருக்கான், அதுவே கிழம்னு சொன்னான்."

கூட்டம் முழுசாகத் திரும்பிக் கழுதையைப் பார்த்தது. பத்துப் பேர் சேர்ந்து பார்த்தால் எந்தக் கழுதையும் கொஞ்சம் நொண்டியாகத்தான் தெரியும். ஒருத்தி காதுகூடத் தொங்குகிறதே என்றாள். இன்னொருத்தன் குனிந்து குளம்பைப் பார்த்துவிட்டு, 'ச்சு' கொட்டினான். சூன்குய்யின் கழுத்து சிவந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டான். முறை அவனுக்கும் தெரியும்.

அவன் கோவைப் பார்த்தான். கழுதையின் சொந்தக்காரன், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ஆனால் கோவுக்கும் முறை தெரியும். வாயை இறுக மூடிக்கொண்டு நின்றான். உண்மையில் அவன் கழுதையைப் பற்றி யோசிக்கவேயில்லை. இந்த நாக்கு தன் வீட்டில், தன் அடுப்படியில், தினமும், என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்ததில் அவன் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் அது சிரிப்பு.

சூன்குய் பார்த்தது தூரத்திலிருந்து அல்ல. ஆனால் ஏமாந்துவிட்டோமோ என்று பயந்தவனுக்கு எல்லா உதடும் சிரிக்கும்.

"கழுதையை விக்கறவன் சிரிக்கறான் பாரு, ராசா," என்றாள் யூலியென். "அவன் ஏன் சிரிக்க மாட்டான்? மூட்டையில மேல ஒரு பிடி தினை, கீழ பூரா உமி. கோவ்ஜியாவுல இனி மூணு தலைமுறைக்குச் சொல்லிச் சிரிப்பாங்க. பாய்ஜியாவுல ஒரு புலி இருந்துச்சாம். அதுக்கு நொண்டிக் கழுதையை வித்துட்டு வந்தோம்னு. புலியாம். ராசா, உன்னையே டிராகன்னு சொல்றப்ப அவனைப் புலின்னு சொல்றதுல தப்பில்ல. நீ பெய்யற லட்சணம், அவன் வாங்கற லட்சணம்."

"நொண்டியா?" என்றான் சூன்குய்.

யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். அவன் நிறுத்தவில்லை. நிறுத்த முடியவில்லை. "எதுடி நொண்டி? மூணு வயசுடி அது. ஒவ்வொரு பல்லா நானே புடிச்சுப் பாத்தேன். மூட்டைக்கு அடி வரைக்கும் கைய விட்டுப் பாத்தேன். சூன்குய்யை ஏமாத்த இன்னொருத்தன் பொறந்துதான் வரணும்."

கழுதை மட்டும் வாலை ஆட்டியது.

"பேசிட்டான்," என்றான் கசாப்புக்கார ஹெய் நிதானமாக.

தலைவர் வெய்தாங் கண்ணை மூடித் திறந்தார். அரை மூட்டைத் தினை கையை விட்டு நழுவுவதை அவர்தான் முதலில் பார்த்தார். உடனே ஒரு வாதத்தைக் கண்டுபிடித்தார். சூன்குய் பேசியது டிராகனுக்காக அல்ல, கழுதைக்காக. கழுதைக்காகப் பேசக் கூடாது என்று முறையில் எங்கேயும் இல்லை. சொல்லிவிட்டுத் தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்ட மாதிரி எல்லாரையும் பார்த்தார்.

"திட்டினது யாரை?" என்றான் ஹெய். "ராசாவை. இவ என்ன சொன்னாலும் ராசாவுக்குத்தான் சொல்றான்னு இப்பதான் நீங்க சொன்னீங்க. அப்ப எதிர்ப்பேச்சு யாருக்காக?"

"கழுதைக்கு வக்கீல்னா கழுதை பக்கத்துலயே உக்காரட்டும் தலைவரே," என்றாள் யூலியென். "அதையும் வெயிலுக்குக் கொண்டாந்துடலாம். கட்சிக்காரங்க ரெண்டு பேரு, வக்கீல் ஒருத்தர்."

கூட்டம் சிரித்துத் தீர்ப்பைச் சொல்லிவிட்டது. நியாயம் முளைத்து எழுந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். ஒரு வாரமாகக் களிமண்ணை வெயிலில் காயவைத்து அவர்களுக்கு அலுத்திருந்தது. களிமண்ணுக்கு வியர்க்காது. மனுஷன் கிடைத்தால் விடுவார்களா? அதிலும் சூன்குய். உப்பு விலையை அவன் சொல்லிக் கேட்காத வீடு அங்கே இல்லை. சற்று முன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்த அதே ஆட்கள்தான் அவனை அலாக்காகத் தூக்கி ராஜாவின் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். தொப்பியைக் கழற்றினார்கள். கையை வைக்கோல் கயிற்றில் கட்டினார்கள். ஹெய் முடிச்சைப் பன்றிக்குப் போடுகிற முடிச்சாகவே போட்டான். அவனுக்கு வேறு தெரியாது.

கட்டின கை விற்கக் கூடாது. தலைவர் கோவிடம் போய், பேரம் தள்ளிப்போகிறது, மழை வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏதோ முணுமுணுத்தார்.

"வேணாம் தலைவரே," என்றான் கோவ், கழுதையை அவிழ்த்தபடி. "மாவரைக்கற சத்தத்துலயே எனக்குப் பாதிக் காது போச்சு. மீதியையும் காசு குடுத்துக் கெடுத்துக்கணுமா?"

கழுதை புறப்பட்டது. களத்தைச் சுற்றிக்கொண்டு, இரண்டு மூட்டையையும் சுமந்து, ராணுவக் குதிரை மாதிரி நாலு காலும் அளந்து வைத்து நடந்தது. அப்படி ஒரு நடையைப் பாய்ஜியா பார்த்ததேயில்லை.

"பாருங்க," என்று கத்தினான் சூன்குய் கட்டிய கையோடு. "நல்லாப் பாருங்க, நொண்டுதா? யாராவது சொல்லுங்க, நொண்டுதா?"

யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் யூலியெனுக்குத் தெரியும், இது தவணைதான். கோவ் போனால் இன்னொரு கோவ். மழை விழுந்த மறுநிமிஷம் கயிறு அவிழும். அவிழ்ந்த கை அவள் பக்கம்தான் முதலில் நீளும். அதனால் அவள் வீட்டுக்குப் போகவில்லை. வாடகைக்கு வந்த இரண்டு வாளித் தண்ணீரையும் கொண்டுவரச் சொல்லி, ராஜாவின் நிழல் விழுகிற பக்கம் வைத்து, அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஒரு கிண்ணத்தால் மொண்டு மெதுவாகக் குடித்தாள்.

கூட்டமும் கலையவில்லை. சோறு இல்லாத வீட்டுக்குப் போய் என்ன செய்ய?

வெயில் சாய ஆரம்பித்தபோது சூன்குய் உதட்டை நக்கினான். ஷூஃபென் ஒரு செம்பை எடுத்துக்கொண்டு இரண்டு அடி வைத்தாள். பெண்கள் அவள் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் பொறுத்தான். பிறகு, யூலியெனைப் பார்க்காமல், ராஜாவின் முழங்காலைப் பார்த்து, சந்தைக் குரலில் கேட்டான்.

"ஒரு கிண்ணத்துக்கு என்ன கேக்கற?"

"என்னை," என்றாள் யூலியென். "அப்புறம் சூன்லின் குகையை. அதுக்கு மேல இருக்கற நிலத்தை."

அவன் கண்ணில் ஓர் ஒளி வந்தது. தாகம்கூட ஒரு நிமிஷம் விலகி நின்றது. பேரம் அல்லவா? நிலத்தில் பாதி என்றான். அவள் இன்னொரு வாய் குடித்தாள். குகை மட்டும் என்றான். குகையும் நிலமும், ஆனால் அறுவடையில் மூன்றில் ஒரு பங்கு தனக்கு என்றான். அவனைப் பார்த்தால் அவனுக்குப் பாதி உயிர் திரும்பிவிட்ட மாதிரி இருந்தது.

"மாமா," என்றாள் அவள் பொறுமையாக, "உங்களுக்கு மறந்துபோச்சு. கட்டின கை விக்கக் கூடாது. தண்ணிக்கு என்னை வித்தீங்கன்னா ராசாவுக்குக் குத்தமாயிடும். நீங்க விக்க முடியாது. சும்மா வேணா குடுக்கலாம்."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மா. எனக்கு ஒண்ணும் வேணாம், அவளும் நிலமும் குகையும் அவளோடதுன்னு தலைவர் காதுல விழற மாதிரி சொல்றது. தண்ணி அதுக்கு விலையில்ல. அது நானா மனசு வெச்சுக் குடுக்கறது."

அவன் முகத்தைப் பார்த்தவர்கள், மழை வந்தபிறகும் அதைத்தான் பேசினார்கள். வெயிலிலும் தாகத்திலும் அசையாதவன் அந்த ஒரு சொல்லில் ஆடிப்போனான். எதையாவது கொடு, ஒரு செம்புக்காசு கொடு, ஒரு சோளக் கதிர் கொடு, பேருக்கு ஏதாவது ஒன்று கொடு என்று கெஞ்சினான். கட்டின கை வாங்கவும் கூடாது மாமா என்றாள். தலைவரைப் பார்த்தான். அந்த முறையைக் காலையில் உரக்கச் சொன்ன தலைவருக்கு, இப்போது தொண்டை கட்டியிருந்தது.

சூரியன் மலை முகட்டில் உட்கார்ந்தது.

"சும்மா," என்றான் சூன்குய்.

"எது?"

"அவளும். குகையும். நிலமும்." ஒவ்வொன்றையும் பல் பிடுங்குகிற மாதிரி பிடுங்கி வெளியே வைத்தான். "சும்மா குடுத்துட்டேன்."

அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து பாய்ஜியா அதுவரை கேட்டதில்லை. தலைவர் வேறு வழியில்லாமல் கேட்டேன் என்றார். ஹெய் இரண்டு தடவை கேட்டேன் என்றான். யூலியென் கிண்ணத்தை நிறைத்து அவன் வாயில் வைத்தாள். கடகடவென்று குடித்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டான்.

"நீதான் பக்கத்துல இருந்து பாத்தியே. நெஜத்தைச் சொல்லு. நொண்டலைதானே?"

அவள் கிண்ணத்தில் மிஞ்சிய சொட்டை ராஜாவின் காலடியில் கவிழ்த்துவிட்டு எழுந்து போனாள்.

மழை வந்தது, அதற்கு வசதிப்பட்டபோது. முதலில் கோவ்ஜியாவில் பெய்து முடித்துவிட்டு, மிச்சத்தைத்தான் இந்தப் பக்கம் அனுப்பியது. தன் ஏற்பாட்டினால் என்றார் தலைவர். சூன்குய்யின் வியர்வையினால் என்றான் ஹெய். சூன்குய்யின் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். டிராகன் ராஜாவுக்குத் தொப்பி திரும்பக் கிடைத்தது, மீசை நிமிர்த்தப்பட்டது, ஒரு ஆட்டுத்தலையும் படைக்கப்பட்டது. அதை யார் தின்றார்கள் என்று இப்போது யாரும் கேட்கவில்லை.

மறுநாள் தூறலிலேயே யூலியென் தன் தட்டு நிலத்தில் தினை விதைத்துக்கொண்டிருந்தாள். எதிர்ச் சரிவில் ஏதோ அசைந்தது. நிமிர்ந்து பார்த்தாள். கோவ்ஜியாவின் மாவு மில்லுக்கு முன்னால், சேற்றில், ஒருத்தன் சாம்பல் நிறக் கழுதையைக் கயிற்றில் பிடித்து மேலும் கீழும் நடத்திக்கொண்டிருந்தான். மில்லிலிருந்து இன்னொருத்தன் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தான். முதலாமவன் அதைக் கவனிக்காமல், கழுதையின் காலைச் சுட்டிக்காட்டி, பள்ளத்தாக்கின் இந்தப் பக்கத்தைப் பார்த்து என்னவோ கத்தினான்.

மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அவள் குனிந்து அடுத்த பிடியை விதைத்தாள்.